டெட்ராய்ட் அலுவலகத்தில் விளையாட்டுப் பேச்சு

வேலைக்காக டெட்ராய்ட் வந்த உங்களுக்கு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் லயன்ஸ், பிஸ்டன்ஸ் என்று பேசுவது புரியவில்லை என்றீர்கள். லயன்ஸிலிருந்து தொடங்குங்கள். அது அமெரிக்க ஃபுட்பால் அணி, நம்ம ஊர் கால்பந்து இல்லை. 2008இல் 16 ஆட்டங்களிலும் தோற்ற அதே அணி, 2024 சீசனில் 17க்கு 15 வென்றது. ஆனால் பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் நடக்கும் நாக்-அவுட் சுற்று) முதல் ஆட்டத்திலேயே, அதுவும் சொந்த மைதானத்தில், வாஷிங்டனிடம் தோற்றது. அந்தப் புண்ணை மட்டும் கிளறிவிடாதீர்கள்!

கூடைப்பந்தில் பிஸ்டன்ஸ் 2023-24இல் தொடர்ச்சியாக 28 தோல்வி, மொத்தமே 14 வெற்றி. அடுத்த சீசனில் 44 வெற்றி. அப்புறம், மிச்சிகனா, மிச்சிகன் ஸ்டேட்டா, இந்த இரண்டு போட்டிப் பல்கலைக்கழகங்களில் உங்கள் ஆதரவு எதற்கு என்று கட்டாயம் கேட்பார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகம் 2024 ஜனவரியில் கல்லூரி அணிகளுக்கான தேசிய அமெரிக்க ஃபுட்பால் பட்டம் வென்றது. கேட்டவர் எங்கே படித்தவர் என்று தெரிந்துகொண்டு பதில் சொல்லுங்கள்.