உளவியல் உரிமத் தேர்வுக்குப் படிப்போரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வட அமெரிக்காவின் இ.பி.பி.பி. உரிமத் தேர்வுக்குக் குழுச் சிகிச்சை படிக்கிறேன். குழுச் சிகிச்சை வல்லுநர் யாலோம் கூறும், குழுவில் குணமடைய உதவும் 11 சிகிச்சைக் காரணிகளை மனப்பாடம் செய்தால் போதுமா, ஐயா?

பதில்: போதாது, குழு வளரும் கட்டங்களையும் படியுங்கள். தொடக்கத்தில் உறுப்பினர்கள் தயங்கி, நடத்துநரையே எதிர்பார்த்திருப்பார்கள். அடுத்து யார் கை ஓங்குவது என்ற மோதல் எழுந்து, கோபம் நடத்துநர் மீதும் திரும்பும். அதைக் கடந்த பிறகே பிணைப்பு உருவாகும். ஆகவே அந்த மோதலைத் தோல்வியின் அடையாளமாகக் கொள்ளாதீர்கள்.

கேள்வி: மனநல மருத்துவர் கேப்லன் கூறும் நான்கு கலந்தாலோசனை (கன்சல்டேஷன்) வகைகளில் முதல் இரண்டும் எனக்கு எப்போதும் குழம்புகின்றன.

பதில்: இதில் நம் மொழிவழக்கும் சிறிது இடறுகிறது, கவுன்சலிங், கன்சல்டேஷன் இரண்டையுமே நாம் 'ஆலோசனை' என்று சொல்லிவிடுகிறோம். கன்சல்டேஷனில் மூவர் உண்டு: ஆலோசகர், அவரிடம் கேட்க வரும் பணியாளர், அப்பணியாளரின் பொறுப்பில் உள்ள பயனாளர். அடங்காத ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர் உங்களிடம் கேட்கிறார் என்று கொள்வோம். அம்மாணவனை எப்படிக் கையாளலாம் என்று நீங்கள் வழிசொன்னால், அது பயனாளர் மையமானது. ஆசிரியரிடம் குறைவது அறிவா, திறனா, தன்னம்பிக்கையா, நடுநிலையா என்று கண்டு அதைச் சீர்செய்தால், அது ஆலோசனை கேட்பவர் மையமானது. தம் வாழ்வில் ஆறாத ஒன்றை மனத்தில் வைத்து, 'இவனும் கெட்டுத்தான் போவான்' என்று அந்த ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்திருந்தால், அதைக் கேப்லன் 'தீம் இன்டர்ஃபியரன்ஸ்' என்கிறார். மற்ற இரு வகைகளும் இதே பிரிவினையை நிர்வாக அளவில் செய்வனவே.

கேள்வி: முதல்நிலைத் தடுப்பும் 'யுனிவர்சல்' தடுப்பும் ஒன்றுதானே?

பதில்: அல்ல. 1964இல் கேப்லன் முன்வைத்த மூன்று நிலைகள் நோக்கத்தைப் பொறுத்தவை: புதிய நோயைத் தவிர்ப்பது, தொடக்கத்திலேயே கண்டு சுருக்குவது, எஞ்சும் பாதிப்பைக் குறைப்பது. 1983இல் கார்டன் தந்த பிரிவு, தடுப்பு யாரைச் சென்றடைகிறது என்பதைப் பொறுத்தது; அதில் எல்லோருக்குமானது 'யுனிவர்சல்', ஆபத்து கூடிய பிரிவினருக்கானது 'செலக்டிவ்'. மனச்சோர்வுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு, அவர்களிடம் அறிகுறி ஏதும் தோன்றுமுன் நடத்தும் பயிற்சி 'செலக்டிவ்' வகை. ஆனால் நோக்கத்தால் அதுவும் முதல்நிலைத் தடுப்பே.

கேள்வி: உளச்சிகிச்சை ஆய்வுகளில் எந்த எண்களை நினைவில் வைக்க வேண்டும், சுருக்கமாகச் சொல்வீர்களா?

பதில்: சிகிச்சை இல்லாமலே மூன்றில் இருவர் தேறுகிறார்கள் என்று 1952இல் உளவியலாளர் ஐசெங்க் வாதிட்டார். ஸ்மித், கிளாஸ், மில்லர் 1980இல் 475 ஆய்வுகளைத் தொகுத்து, 0.85 என்ற விளைவளவைக் காட்டினர். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 80 விழுக்காட்டினரைவிட நல்ல நிலையில் இருந்தார் என்பதே இதன் பொருள். 80 விழுக்காட்டினர் குணமடைந்தனர் என்று படித்துவிட வேண்டாம்.