நாயும் பூனையும் விமானமேறும் முன்: மலையகத்தவர் கேள்விகளுக்கு ஒரு மிருக வைத்தியரின் பதில்கள்

வெளிநாடு செல்லும்போது வீட்டில் வளர்த்த நாயையோ பூனையையோ உடன் அழைத்துச் செல்வது பற்றி நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன். இலங்கை விசர்நோய் முற்றாக ஒழிக்கப்படாத நாடு என்பதால், நம்மவர்கள் குடியேறும் பெரும்பாலான நாடுகள் இங்கிருந்து வரும் விலங்குகளுக்குக் கடுமையான நிபந்தனைகளை விதிக்கின்றன. கீழே வரும் நாட்கணக்குகளில் பெரும்பாலானவை அந்த ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.

கேள்வி (ஹட்டன்): டாக்டர், மகள் லண்டனில் இருக்கிறாள். நாங்களும் அங்கே நிரந்தரமாகப் போகிறோம். எங்களிடம் நான்கு வயது நாட்டு நாய் ஒன்று உண்டு. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தினர் தோட்டத்துக்கு வந்து இலவசமாகப் போட்ட விசர்நாய் ஊசியின் அட்டை கைவசம் இருக்கிறது. அது போதுமா?

போதாது. ஊசியில் குறையில்லை, குறை வரிசையில்தான் இருக்கிறது. பிரித்தானியா முதலில் கேட்பது மைக்ரோசிப்பை. நாயின் தோலுக்கடியில், வழக்கமாகத் தோள்பட்டைகளுக்கு நடுவே, செலுத்தப்படும் அரிசிமணி அளவான அந்தச் சில்லில் உள்ள பதினைந்து இலக்க எண்தான் அதன் அடையாளம். சில்லு பொருத்தப்படுவதற்கு முன்னர் போட்ட விசர்நோய்த் தடுப்பூசி எதுவும், அது எத்தனை முறை போடப்பட்டிருந்தாலும், கணக்கில் எடுக்கப்படமாட்டாது. ஏனெனில் ஊசி போடப்பட்டது இந்த நாய்க்குத்தான் என்பதற்கு அப்போது சான்று இல்லை. ஆகவே சில்லைப் பொருத்தி, கருவியால் எண்ணை வாசித்துப் பார்த்து, அதன் பின்னரே புதிதாகத் தடுப்பூசி போட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் செய்யலாம், ஆனால் சில்லு முந்த வேண்டும்.

தடுப்பூசி போட்டுக் குறைந்தது 30 நாட்கள் கழிந்த பின்னர் குருதி எடுக்கப்பட்டு, அந்தக் குருதியில் விசர்நோய்க்கு எதிரான பிறபொருளெதிரியின் (நோயை எதிர்க்க உடல் உருவாக்கும் பொருளின்) அளவு மில்லிலீற்றருக்கு 0.5 சர்வதேச அலகு அல்லது அதற்கு மேல் இருப்பதாக, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த பட்டியலில் உள்ள ஆய்வுகூடம் ஒன்று அறிக்கை தர வேண்டும். குருதி எடுத்த நாளிலிருந்து மூன்று முழு மாதங்கள் கழிந்த பின்னரே நாய் பிரித்தானிய மண்ணில் கால் வைக்கலாம். பயணத்துக்கு முந்திய 10 நாட்களுக்குள் அரச மிருக வைத்தியர் ஒப்பமிட்ட சுகாதாரச் சான்றிதழும், நாய் என்றால் நாடாப்புழுவுக்கான மருந்தும் வேண்டும். பிரசிகுவான்டெல் அடங்கிய அந்த மருந்தை, நாய் அங்கு சென்று சேரும் நேரத்துக்கு 24 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 120 மணித்தியாலத்துக்கு மேற்படாமலும் மிருக வைத்தியர் கொடுத்து, நேரத்தையும் எழுதி ஒப்பமிட வேண்டும். விமானம் தாமதிக்கலாம், இடைத்தங்கலும் இருக்கலாம் என்பதால், புறப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் கொடுப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். பிரித்தானியாவுக்கு விமானத்தில் வரும் நாயோ பூனையோ, வழித்துணை நாய்களைத் தவிர, பயணிகள் அறையில் வர முடியாது. சரக்காகப் பதிவு செய்யப்பட்டு, அனுமதிக்கப்பட்ட வழித்தடத்தில்தான் வர வேண்டும். நீங்கள் பயணம் செய்யும் நாளுக்கு ஐந்து நாட்கள் முன்பின்னாக அது வந்து சேர்ந்தால்தான் வீட்டுப் பிராணியாகக் கருதப்படும். "பிறகு யாரிடமாவது கொடுத்து அனுப்பலாம்" என்று விட்டுச் சென்றால் அது வணிகச் சரக்காகிவிடும், நிபந்தனைகளும் மாறிவிடும்.

அந்த இலவச அட்டையை எறிந்துவிட வேண்டாம். ஆனால் அதை எடுத்துப் பாருங்கள்: பெரும்பாலும் உரிமையாளரின் பெயர், நாயின் நிறம், திகதி, ஒரு கையொப்பம் ஆகியவை மட்டுமே இருக்கும். தடுப்பூசியின் வணிகப் பெயர், தொகுதி எண், எதுவரை செல்லுபடியாகும் என்ற திகதி, சில்லின் எண் ஆகிய நான்கும் இல்லாத அட்டையை எந்த எல்லையிலும் எவரும் ஏற்கமாட்டார்கள்.

கேள்வி (நுவரெலியா): மூன்று மாதம் என்பது ஆய்வுகூட அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்தா?

இல்லை, குருதி எடுத்த நாளிலிருந்து. அறிக்கை வரத் தாமதமானாலும் உங்கள் நாட்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அளவு 0.5 க்குக் கீழே வந்தால் மீண்டும் ஊசி, மீண்டும் குருதி, மீண்டும் மூன்று மாதம் என்று எல்லாம் தொடக்கத்துக்கே போய்விடும். அறிக்கை கைக்கு வருமுன் பயணச்சீட்டு வாங்காதீர்கள்.

கேள்வி (பண்டாரவளை): அக்கா குடும்பம் சுவிட்சர்லாந்தில். எனக்கும் விசா கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் பயணம். மூன்று மாதக் குட்டி நாய் ஒன்று இருக்கிறது. கூட்டிப் போகலாமா?

அடுத்த மாதம் முடியாது. குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் நிறைந்த பின்னரே விசர்நோய் ஊசி கணக்கில் வரும். அதன் மேல் 30 நாட்கள், அதன் மேல் மூன்று மாதங்கள் என்று கூட்டினால், இலங்கையில் பிறந்த எந்த நாயும் ஏறத்தாழ ஏழு மாத வயதுக்கு முன்னர் ஐரோப்பாவுக்குள் நேராகச் செல்ல இயலாது. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையென்றாலும் இந்த விடயத்தில் அதே விதிகளையே பின்பற்றுகிறது. விசர்நோய் அபாயமுள்ள நாட்டிலிருந்து விமானத்தில் நேராக வருவதானால், அந்நாட்டுக் கூட்டாட்சி உணவுப் பாதுகாப்பு, மிருக வைத்திய அலுவலகத்தின் அனுமதியையும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். குட்டியின் காதை அழகுக்காக வெட்டிவிடலாம் என்று எவராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்: காது வெட்டப்பட்ட நாய்களை அந்நாடு பொதுவாக உள்ளே விடுவதில்லை. அது இல்லாவிட்டாலும் அந்தக் கொடுமைக்கு நான் இணங்கமாட்டேன்.

நீங்கள் முன்னே சென்று, குட்டியை நம்பிக்கையானவரிடம் விட்டு, காலம் வந்ததும் திரும்பி வந்து அழைத்துச் செல்வதே நடக்கக்கூடிய வழி.

கேள்வி (பதுளை): இதற்கு எதிர்மாறான நிலைமை எங்களுடையது. சூரிச்சிலிருந்து தம்பி குடும்பம் விடுமுறைக்கு நாயோடு வரப் போகிறது. திரும்பிப் போகும்போது அவர்களும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமா?

புறப்படுவதற்கு முன்னரே யோசித்தால் வேண்டியதில்லை. அங்கேயே குருதிப் பரிசோதனையைச் செய்து, பெறுபேற்றை நாயின் கடவுச்சீட்டில் மிருக வைத்தியர் பதிந்துவிட்டால், திரும்பும்போது அந்த மூன்று மாதக் காத்திருப்பு அதற்குப் பொருந்தாது. அடுத்தடுத்த ஊசிகள் உரிய திகதி தவறாமல் போடப்படும்வரை அந்தப் பெறுபேறு காலாவதியாவதும் இல்லை. பரிசோதனை செய்யாமல் நாயைக் கொண்டுவந்துவிட்டால், மூன்று வார விடுமுறைக்கு வந்த நாய் மூன்று மாதத்துக்கு மேல் பதுளையில் தங்க நேரிடும். இலங்கைக்குள் கொண்டுவருவதற்கும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும் என்பதையும் தம்பியிடம் சொல்லுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): டொரொன்டோவில் உள்ள அண்ணாவின் பிள்ளைகள் எங்கள் வீட்டு நாயைக் கேட்கிறார்கள். தெரிந்தவர் ஒருவர் போகிறார், அவரிடம் கொடுத்து அனுப்பலாமா?

அனுப்ப முடியாது. விசர்நோய் அபாயம் அதிகம் எனப் பட்டியலிட்ட நாடுகளிலிருந்து வணிக வகை நாய்கள் வருவதை 2022 செப்டெம்பர் 28 முதல் கனடா தடைசெய்துள்ளது. இலங்கையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விற்பனைக்கு என்பது மட்டும் வணிகம் அல்ல, தத்துக் கொடுப்பதற்காகக் கொண்டுவருவதும் அந்த வகைக்குள்ளேயே அடங்கும். நாய் உங்களுடையது, அதை வைத்துக்கொள்ளப் போகிறவர் அண்ணா, கொண்டு செல்கிறவர் மூன்றாமவர் என்றால், சொந்தப் பிராணி என்று வாதாட இடமில்லை. நாயின் உண்மையான உரிமையாளரே குடிபெயர்ந்து உடன் அழைத்துச் செல்வது வேறு. அதற்குத் தடையில்லை, விசர்நோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். அது ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இருக்க வேண்டும். எவ்வளவு காலம் செல்லும் என்று அதில் எழுதப்படாவிட்டால், ஊசி போட்ட நாளிலிருந்து ஓராண்டு என்றே கொள்வார்கள்.

அவரே மேலும் கேட்டது: அமெரிக்காவிலும் இதே கதையா?

வேறு கதை. 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவுக்கு வரும் எந்த நாய்க்கும் ஆறு மாத வயதும் மைக்ரோசிப்பும் கட்டாயம். இலங்கை அங்கும் அபாயப் பட்டியலிலேயே இருப்பதால், இங்கே ஊசி போட்ட நாய்க்கு அரச மிருக வைத்தியர் அத்தாட்சிப்படுத்திய படிவமும், பதிவுபெற்ற விலங்குப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் முன்பதிவும் வேண்டும். அந்த நிலையம் உள்ள விமான நிலையத்திலேயே இறங்கவும் வேண்டும். செல்லுபடியாகும் குருதிப் பரிசோதனை அறிக்கை இல்லையென்றால் அங்கே 28 நாட்கள், உங்கள் செலவிலேயே.

கேள்வி (கண்டி): மெல்பேர்னுக்கு இரண்டு பூனைகளைக் கொண்டு செல்ல வேண்டும்.

உள்ளவற்றுள் கடினமான வழி இதுதான். இலங்கையிலிருந்து நாய் பூனைகளை நேராக ஏற்பதற்கு அவுஸ்திரேலியா அனுமதிப்பதில்லை. அது அங்கீகரித்த வேறொரு நாட்டுக்கு அவற்றை முதலில் கொண்டு சென்று, அங்கிருந்தே இறக்குமதி அனுமதியுடன் அனுப்ப வேண்டும். குருதி மாதிரி ஆய்வுகூடத்தைச் சென்றடைந்த நாளிலிருந்து குறைந்தது 180 நாட்கள் கழிய வேண்டும். அதன் பின்னரும் மெல்பேர்னுக்கு அருகே மிக்கல்ஹாமில் உள்ள அரச நிலையத்தில் குறைந்தது 10 நாட்கள், விலங்கின் அடையாளம் உரிய முறையில் முன்கூட்டியே உறுதிசெய்யப்படாவிட்டால் 30 நாட்கள் தங்க வேண்டும். மூன்றாம் நாட்டில் யார் அவற்றைப் பராமரிப்பார் என்பதற்கு விடை இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். பூனைகள் முதிர்ந்தவை என்றால், அவற்றைக் கண்டியிலேயே அன்பான ஒரு வீட்டில் விடுவதுதான் கருணை என்பது என் கருத்து.

கேள்வி (நானுஓயா): கூடு எப்படி இருக்க வேண்டும்? இங்கே தச்சரிடம் செய்விக்கலாமா?

செய்விக்கலாம், ஆனால் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிப்படி இருக்க வேண்டும். நாய் நிற்கவும், இருக்கவும், படுக்கவும், உள்ளேயே திரும்பவும் இடம் வேண்டும் என்பதே அதன் சாரம். நாயை நேராக நிற்கவைத்து நான்கு அளவுகளை எடுங்கள்: மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை, தரையிலிருந்து முன்னங்கால் முழங்கைவரை, தோள்களின் அகலம், தரையிலிருந்து தலை அல்லது காது நுனிவரை. முதல் அளவுடன் இரண்டாவதின் பாதியைக் கூட்டினால் கூட்டின் நீளம். மூன்றாவதை இரட்டித்தால் அகலம். நான்காவதுடன் விரிப்பின் தடிப்பைக் கூட்டினால் உயரம். எல்லாம் உட்புற அளவுகள். உதாரணமாக 70, 30, 22, 65 செ.மீ. எனில், 3 செ.மீ. விரிப்புடன் கூடு 85 நீளமும் 44 அகலமும் 68 உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும்.

நான்கு பக்கமும் காற்றோட்டம் இருக்க வேண்டும். கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நீர் ஊற்றக்கூடியவாறு பாத்திரம் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பிளாஸ்டிக் கூட்டின் இரு பாதிகளையும் இணைக்கும் கொக்கிகளை நம்பாமல் உலோகப் போல்ட்டுகள் போடுவது நல்லது. செலவைப் பொறுத்தவரை நினைவில் வைக்க வேண்டியது, சரக்குக் கட்டணம் நாயின் எடையைக் கொண்டல்ல, பெரும்பாலும் கூட்டின் கன அளவைக் கொண்டே அறவிடப்படுகிறது என்பதாகும். நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 6000 ஆல் வகுத்தால், மேற்சொன்ன கூடு 42 கிலோவாகக் கணிக்கப்படும், உள்ளே இருக்கும் நாய் 16 கிலோவாக இருந்தாலும்.

மலையகத்தவர்களுக்கு மேலதிகமாக ஒரு சிக்கல் உண்டு. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில், குளிரில் வளர்ந்த நுவரெலியா நாய், றம்பொடை வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டே இறங்கி, கட்டுநாயக்கவின் புழுக்கத்தில் அடர்ந்த உரோமத்துடன் மணிக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. விமானத்தில் களைப்பதைவிட இந்த வீதிப் பயணத்திலேயே நாய்கள் அதிகம் களைத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். இயன்றால் முதல் நாளே இறங்கி, நீர்கொழும்புப் பக்கம் ஓரிரவு தங்குங்கள். இறங்குமுன் வயிறு நிறைய உணவு கொடுக்க வேண்டாம், தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே கூட்டை வீட்டுக்குள் கதவு திறந்தபடி வைத்து, அதற்குள்ளேயே சோறு வையுங்கள்.

கேள்வி (மாத்தளை): பயணத்தின்போது தூக்க மருந்து கொடுக்கலாமா?

கூடாது. மயக்க நிலையில் உடல் வெப்பத்தையும் சமநிலையையும் காத்துக்கொள்ள விலங்கால் இயலாது. மயங்கிய நிலையில் கொண்டுவரப்படும் நாயைப் பல விமான நிறுவனங்கள் ஏற்க மறுக்கும்.

கேள்வி (கொட்டகலை): எங்களுடையது பக் இனம்.

பக், புல்டோக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு இழுக்கும். வெப்பமும் பதற்றமும் சேர்ந்தால் உயிராபத்து. அவற்றை முற்றாக மறுக்கும் நிறுவனங்கள் உள்ளன. ஏற்பவர்களிடம் செல்வதானாலும் கூட்டை மேற்சொன்ன அளவிலிருந்து பத்து வீதம் பெரிதாக்கி, இரவு விமானத்தைத் தெரிவுசெய்யுங்கள். உடல் பருத்த பக் என்றால் முதலில் எடையைக் குறையுங்கள்.

கேள்வி (ஹப்புத்தளை): தேயிலை மலையில் விழுந்து கிடந்த மலை அணில் குட்டியை எடுத்து வளர்த்தோம். அதையும் கூட்டிப் போக வழி உண்டா?

இல்லை. மலை அணில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட காட்டு விலங்கு. அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றமாகும். வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் ஒப்படையுங்கள். நட்சத்திர ஆமை வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி (கம்பளை): உறவினர்கள் கோத்தகிரியில் இருக்கிறார்கள். நாங்கள் சில மாதம் அங்கே தங்கப் போகிறோம், நாயும் வரலாமா?

இந்தியா பக்கத்தில் இருப்பதால் எளிது என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் தொடர்ச்சியாக இரண்டு ஆண்டுகள் வாழ்ந்து, இந்தியாவுக்கே குடிபெயர்பவர்களுக்குத்தான் பயணப் பொதியின் கீழ் இரண்டு பிராணிகள்வரை கொண்டுவர இடமளிக்கப்படுகிறது. மற்றவர்கள் வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் பெற வேண்டும். யாராயினும், சென்னை போன்ற குறிப்பிட்ட விமான நிலையம் ஒன்றில், அங்குள்ள தொற்றுத்தடைக்காப்பு அலுவலகத்தின் ஆட்சேபனையின்மைச் சான்றிதழுடன்தான் இறங்க முடியும். சில மாதத் தங்கலுக்கு இது பெறுமதியற்ற அலைச்சல். நாயைக் கம்பளையில் விட்டுச் செல்லுங்கள்.

கேள்வி (ஹட்டன், முதற் கேள்வியைக் கேட்டவர்): சான்றிதழுக்கு எங்கே போக வேண்டும்?

சில்லு, ஊசி, குருதி ஆகியவற்றைப் பதிவுபெற்ற தனியார் மிருக வைத்தியரிடமோ, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையிலோ செய்துகொள்ளலாம் என்றாலும், அங்கே சில்லும் அதை வாசிக்கும் கருவியும் இருக்கின்றனவா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள். ஏற்றுமதிக்கான அரச சுகாதாரச் சான்றிதழ் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தொற்றுத்தடைக்காப்புப் பிரிவுக்குரியது. திணைக்களத்தின் தலைமையகம் பேராதனைக்கு அருகே கெட்டம்பேயில்தான் உள்ளது. சான்றிதழின் பத்து நாள் எல்லைக்குள் நீண்ட வார இறுதியோ போயா தினமோ குறுக்கிடுகிறதா என்று நாட்காட்டியைப் பார்த்து, அதற்கேற்ப நேரத்தை ஒதுக்குங்கள். எல்லா ஆவணங்களின் மூலப்பிரதிகளும் நாயின் கூட்டுடன் ஒட்டிய உறையில் செல்ல வேண்டியிருப்பதால், கையில் வைத்துக்கொள்ள இரண்டு தொகுதி நிழற்பிரதிகளையும் எடுத்துவிடுங்கள்.