ஒயிட் எர்த் ஆலயம் யாருடையது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், ஒயிட் எர்த்தில் உள்ள புனித கொலம்பா ஆலயத்தை முந்தைய கட்டுரையில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தீர்கள். மிஷன் ஆலயத்தின் வரலாறு வெள்ளையர்களின் வரலாறுதானே? அங்குள்ள பழங்குடியினரான ஓஜிப்வே மக்களுக்கு அதில் என்ன இடம்?

– வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயம் பாதி நியாயமானது. இவ்வாலயம் சேர்ந்த எபிஸ்கோப்பல் திருச்சபையில் (ஆங்கிலிக்கன் மரபின் அமெரிக்கக் கிளை), தன் செலவைத் தானே தாங்க இயலாமல் திருமண்டலத்தின் பணத்தையும் பேராயர் அனுப்பும் குருவையும் நம்பியிருக்கும் சபையையே ‘மிஷன்’ என்பார்கள். ஆகவே பணம் கொடுத்தவர்களே ஆவணங்களில் பெரிதாகத் தெரிவார்கள்.

ஆனால் இந்த ஆலயத்தின் குருவாக இருந்தவர், கனடாவில் பிறந்த பழங்குடியினரான என்மெகாபோ. 1852இல் மிஷனரி ஜேம்ஸ் லாய்ட் பிரெக் ஓர் ஏரிக்கரையில் இந்த மிஷனைத் தொடங்கியபோது உடனிருந்த அவர், 1859இல் உதவிக்குருவானார். 1862இல் டகோட்டா பழங்குடியினருக்கும் அமெரிக்கர்களுக்கும் இடையே டகோட்டா போர் மூண்டபோது, ஓஜிப்வே தலைவர் ஒருவரும் தாக்குதலுக்கு ஆயத்தமாவதை அறிந்து, கோட்டையிலிருந்த அமெரிக்கப் படையினரை எச்சரிக்கப் புறப்பட்டார். மனைவியையும் பிள்ளைகளையும் ஓடத்தில் ஏற்றி, அதை ஆற்றில் இழுத்துக்கொண்டே சென்ற அந்தப் பயணத்தின் அல்லலில் இரண்டு பிள்ளைகள் இறந்தார்கள். தம் மக்களில் சிலருக்கு அவர் துரோகியாகத் தெரிந்திருப்பார். அதை மறைத்து அவரைப் புனிதராக மட்டும் காட்டுவது எனக்கு உவப்பில்லை.

1867இல் மின்னசோட்டாவின் பேராயர் விப்பிள் அவருக்குக் குருப்பட்டம் அளித்தார். அத்திருச்சபையில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கப் பழங்குடியினர் அவரே. அமெரிக்க அரசுடன் அதே ஆண்டில் செய்த ஒப்பந்தம் ஓஜிப்வே மக்களுக்கு ஒயிட் எர்த்தை ஒதுக்க, 1868இல் அவர்கள் இடம்பெயரத் தொடங்கினார்கள். மிஷனும் அவர்களோடு அங்கே போனது. 1889இன் சட்டம் அம்மக்கள் பொதுவில் வைத்திருந்த நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பெரும்பகுதி வெளியாரிடம் போய்விட்டது.

உங்கள் கேள்விக்கு நான் சுட்டும் விடை பாடல்களில் இருக்கிறது. மிஷனரிகள் ஞானப்பாட்டுகளை ஓஜிப்வே மொழியில் பெயர்த்தது, முரசையும் நடனத்தையும் மக்கள் கைவிட வேண்டும் என்பதற்காகவே. மக்களோ அவற்றை இறந்தவரின் உடலருகே இரவு முழுதும் விழித்திருந்து பாடும் பாட்டுகளாக்கிக்கொண்டார்கள். வாத்தியம் கிடையாது, ஒவ்வோர் அசையையும் நீட்டி நீட்டி, மூலமெட்டை அறிந்தவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மெதுவாகப் பாடுவார்கள். அப்படிப் பாடும் வழக்கம் எந்தப் பேராயரும் பணித்து வந்ததல்ல.

அன்புடன்.