மினி பொக்லைனுக்கு முதலில் என்ன அட்டாச்மென்ட் வாங்குவது?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கம் இருக்கிறேன். 3 டன் மினி பொக்லைன், கொஞ்சம் ஓடிய பழைய வண்டிதான், விலை பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். ஆள் போடவில்லை, நானே ஓட்டப் போகிறேன். தென்னந்தோப்பில் சொட்டுநீர் பைப் பதிப்பது, வாய்க்கால் தூர்வாருவது, கம்பிவேலிக்குக் கல்லுக்கால் குழி, செப்டிக் டேங்க் குழி, இந்த மாதிரி வேலைகள்தான் எங்கள் பக்கம் வரும். வண்டியோடு 2 அடி பக்கெட் ஒன்று வருகிறது. பிரேக்கர் (பாறை உடைக்கும் உளி), ஆகர் (சுழன்று குழி போடும் திருகு), ரிப்பர் (மண்ணைப் பிளக்கும் ஒற்றைப் பல்), கிராப்பிள் (கவ்வித் தூக்கும் நகம்), குயிக் ஹிட்ச் (பக்கெட்டைச் சட்டென்று கழற்றி மாட்டும் பூட்டு) ஐந்தையும் மொத்தமாக எடுத்தால் விலை குறைத்துத் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். எடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், இப்போது எடுக்காதீர்கள். ஐந்தும் உபயோகமான சாமான்தான். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வேலைகளைப் பார்த்தால் முதலில் வேண்டியது அந்த ஐந்திலும் இல்லை. 1 அடி அகலத்தில் ஒரு குறுகிய பக்கெட், அதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பைப் பதிக்க 300 அடி நீளம், 2 அடி ஆழம் தோண்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 2 அடி பக்கெட்டில் தோண்டினால் வெளியே வரும் மண் 1200 கன அடி, அதாவது 12 யூனிட். அதே வேலையை 1 அடி பக்கெட்டில் செய்தால் 6 யூனிட்தான். அள்ளுவது பாதி, பைப்பைப் போட்ட பிறகு திரும்ப மூடுவதும் பாதி, டீசலும் குறையும். தோப்புக்காரருக்கும் தென்னை வேர் அவ்வளவாக அறுபடாது. ஹைட்ராலிக் லைன் (அழுத்தத்தில் ஆயில் கொண்டு போகும் குழாய்) எதுவும் தேவைப்படாத, ரிப்பேர் என்று பெரிதாக எதுவும் வராத ஒரு இரும்புச் சாமான் இத்தனை வேலையை மிச்சப்படுத்துகிறது என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்தது வாய்க்காலுக்குப் பல் இல்லாத அகல பக்கெட், 3 முதல் 4 அடி. பல் வைத்த பக்கெட்டில் தூர்வாரினால் வாய்க்கால் அடியைக் கீறிக் கீறி எடுத்துவிடும், அப்புறம் தண்ணீர் அங்கங்கே தேங்கும். ஆனால் இதில் ஒரு விஷயம் கவனம். ஈரச் சேறு கன அடிக்கு 50 கிலோ அளவுக்கு எடை வரும், அந்த அகல பக்கெட்டை நிறைய அள்ளினால் பக்கெட் எடையும் சேர்ந்து தாராளமாக 200 கிலோவைத் தாண்டிவிடும், அதை வண்டியின் கையை முழுதாக நீட்டி பக்கவாட்டில் திருப்பும்போது 3 டன் வண்டியின் ஒரு பக்கச் செயின் தரையை விட்டு எழும்பும். கரை மேல் நின்று செய்யும் வேலை என்பதால் முக்கால் பக்கெட் அள்ளினால் போதும் என்று பழகிக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் சரி, கடைக்குப் போகும் முன் வண்டியை அளந்துவிடுங்கள். "3 டன் வண்டிக்குத்தானே, பொருந்தும்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். ஒரே எடை வண்டிகளில்கூட பக்கெட்டைக் கையோடு பூட்டும் இரும்புப் பின் (pin) ஒன்றுக்கு 35 மில்லிமீட்டர் இருக்கும், இன்னொன்றுக்கு 40 மில்லி இருக்கும். மூன்று அளவு வேண்டும்: பின்னின் விட்டம், பக்கெட் காதுகளுக்கு (பின் நுழையும் இரண்டு தகடுகள்) நடுவே நுழையும் கையின் அகலம், இரண்டு பின்களுக்கும் நடுமையத்திலிருந்து நடுமையம் தூரம். பழைய வண்டி என்பதால் பின்னைக் கழற்றி, புஷ் (பின்னைச் சுற்றியிருக்கும் உலோக வளையம்) உட்காரும் தேய்ந்த இடத்தை விட்டுவிட்டு, தேயாத ஓரத்தில் வெர்னியர் காலிப்பர் வைத்து அளக்க வேண்டும். தேய்ந்த இடத்தில் அளந்து அந்த அளவுக்குக் காதில் துளை போட்டால், நாளைக்குப் புதுப் பின் மாற்றும்போது நுழையாது.

இப்போது அந்த ஐந்துக்கு வருவோம்.

ரிப்பர் வாங்கலாம், மூன்றாவதாக. ஒற்றைப் பல், அதற்கும் தனி ஹைட்ராலிக் லைன் வேண்டாம். சுக்காம்பாறையில் பக்கெட் பல் சறுக்கிக்கொண்டே போகும் இடத்தில் ரிப்பர் பிளந்துவிடும், பழைய தென்னை வேர்க்கட்டையைச் சுற்றி வேரை அறுக்கவும் ஆகும். பிரேக்கர்தான் வேண்டும் என்று பலர் நினைக்கும் வேலையில் கணிசமானதை ரிப்பரே முடித்துவிடும். அசல் கருங்கல் பாறை வந்தால் அது ஒன்றும் செய்யாது, அங்கே பிரேக்கர்தான். அந்த மாதிரி வேலை மாதத்தில் ஓரிரு நாள் வருகிறது என்றால் பிரேக்கரை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். அடிக்கடி வர ஆரம்பித்த பிறகு சொந்தமாக வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஆகர் உங்கள் மண்ணைப் பொறுத்தது. கல்லுக்காலுக்கு 9 அங்குலம் பொருத்தமான அளவு, கல் இல்லாத செம்மண்ணில் அருமையாக இறங்கும். சரளையோ ஓடைக்கல்லோ கலந்த மண் என்றால் கல்லில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும், அப்போது பின்பக்கமாகச் சுற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். அதனால் ஆகர் ஓட்ட வண்டியில் இரண்டு திசையிலும் ஆயில் தள்ளும் இருவழி லைன் இருந்தாக வேண்டும். கடையில் இதைக் கேட்காமலேயே ஆகரை விற்றுவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான். தென்னங்கன்று வைக்க ஆகர் உதவும் என்று யாராவது சொன்னால் அதையும் ஏற்க வேண்டாம். தென்னைக்கு 3 அடிக்கு 3 அடி, 3 அடி ஆழம் குழி, அது பக்கெட் வேலை. வேறு கன்றுகளுக்குக் களிமண்ணில் ஆகர் போட்டால் குழிச்சுவர் பூசி மெழுகியதுபோல் இறுகிவிடும், தண்ணீர் இறங்காது, வேரும் உள்ளே போகாது. சுவரைக் கடப்பாரையால் கொத்திவிட்டுத்தான் கன்றை வைக்க வேண்டும்.

கிராப்பிள் இப்போதைக்கு வேண்டாம்.

குயிக் ஹிட்ச், ஒரே நாளில் மூன்று நான்கு தடவை பக்கெட் மாற்றுபவருக்குக் கட்டாயம் வேண்டும். உங்களுக்குக் காலையில் ஒரு தடவை பின்னைத் தட்டி மாற்றினால் போதும். ஹிட்ச் போட்டால் கையின் நுனியில் எடை கூடுகிறது, பக்கெட் பல் இன்னும் தள்ளிப் போவதால் தோண்டும் பலம் சற்றுக் குறைகிறது. சின்ன வண்டியில் இது நன்றாகவே தெரியும். எடுத்தால், பூட்டுப் பின் தனியாக உள்ளதை மட்டும் எடுங்கள், ஒவ்வொரு தடவை மாற்றும்போதும் இறங்கி வந்து அந்தப் பின் சரியாக உள்ளே இறங்கிப் பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பக்கெட் கழன்று குழிக்குள் நிற்கும் ஆள் மேல் விழுந்தால் உயிர் போய்விடும்.

கேள்வி: பழைய பிரேக்கர் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. என் வண்டியும் 3 டன்தான். எதைப் பார்த்து எடுப்பது?

பதில்: முதலில் உளியின் விட்டம். 3 டன் வண்டிக்கு 53 மில்லி உளி வைத்த பிரேக்கர் சரியாக இருக்கும். 68 மில்லி வந்தால் வாங்காதீர்கள், அது 4 டன்னுக்கு மேல் உள்ள வண்டிக்கானது, எத்தனை மலிவாக வந்தாலும் உங்கள் வண்டியின் கையில் விரிசல் விழ வைத்துவிடும்.

அப்புறம் உளியைக் கையால் பிடித்து நாலு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். லொடலொட என்று ஆடினால் புஷ் போயிருக்கிறது. அதை மாற்றிவிடலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். உளியைக் கழற்றி மேல் முனையைப் பார்க்க வேண்டும், அங்கே சிதைந்து மழுங்கியிருந்தால் உள்ளே இருக்கும் பிஸ்டனும் அடி வாங்கியிருக்கும். பிரேக்கரை இறுக்கிப் பிடிக்கும் நான்கு நீள போல்ட்டில் எதிலாவது வெல்டிங் வைத்திருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். தலைப்பகுதியில் நைட்ரஜன் வாயு நிற்கிறதா என்று கேஜ் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும், காட்ட மறுத்தால் காரணம் இருக்கும்.

வண்டிப் பக்கம், பிரேக்கருக்கு ஒருவழி லைன். திரும்பி வரும் ஆயில் தடையில்லாமல் நேராக டேங்குக்குப் போக வேண்டும். பல மினி வண்டிகளில் ஒருவழிக்கும் இருவழிக்கும் மாற்றும் வால்வு ஒன்று இருக்கும், அதைத் திருப்பாமலேயே ஓட்டினால் ஆயில் சூடேறி, கொஞ்ச நாளில் பிரேக்கர் சீல் போய்விடும். வண்டி நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் தள்ளுகிறது என்பதையும் பிரேக்கர் தகட்டில் எழுதியிருப்பதையும் ஒத்துப் பாருங்கள். வாங்கிய பிறகு, உளியை நேராகத் தரையில் அழுத்தி வைத்துக்கொண்டு இரண்டு மணிக்கு ஒரு தடவை கிரீஸ் அடியுங்கள். தூக்கிப் பிடித்துக்கொண்டு அடித்தால் கிரீஸ் பிஸ்டனுக்கும் உளிக்கும் நடுவே போய்ச் சேர்ந்து சீலைக் கெடுக்கும்.

கேள்வி: புது ஆகர் வாங்கி ஒரு மாதத்தில் மோட்டார் லீக். கடையில் "வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் கோர்ட் எல்லாம் உங்களுக்குச் செல்லாது" என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரை அதே சட்டம் நுகர்வோராகத்தான் வைத்திருக்கிறது. 1995-ல் உச்ச நீதிமன்றம், டாக்ஸி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரை உதாரணமாகச் சொல்லி இதை விளக்கியிருக்கிறது. நீங்களே வண்டியை ஓட்டுகிறீர்கள் என்றால் உங்கள் நிலையும் அதுதான். நான்கு வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு இந்த வாதம் நிற்பது கஷ்டம்.

பில், வாரண்டி கார்டு, லீக் ஆகும் வீடியோ, கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். புகாரில் "நானே ஓட்டுகிறேன், இதுதான் என் பிழைப்பு" என்ற வரியை மறக்காமல் எழுதுங்கள்.