வேலையை விடும் முன் அண்ணனுக்கு ஒரு கடைசி லோனா?

கேள்வி: வயது 41. கோவையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் 14 வருடமாக ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருக்கிறேன். கைக்கு 1,05,000 வருகிறது, வீட்டுச் செலவு 45,000, வீட்டுக் கடன் தவணை 31,000. திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் அண்ணனுக்காக என் பெயரில் எடுத்த இரண்டு பர்சனல் லோனுக்கு மாதம் 34,600 போகிறது. ஒன்றில் 42 மாதம் (6.9 லட்சம்), இன்னொன்றில் 20 மாதம் (2.4 லட்சம்) பாக்கி. அண்ணன் முடிந்த மாதம் கொடுப்பார். தனியாக கன்சல்டன்சி ஆரம்பிக்க ஆசை. மாதம் 25,000 சதுர அடி டிசைன் கிடைக்கும், சதுர அடிக்கு 8 ரூபாய் என்றால் 2 லட்சம். வேலையை விட்டால் வங்கியில் லோன் கிடைக்காது, அதற்கு முன் கடைசியாக ஒரு 8 லட்சம் எடுத்துத் தா என்கிறார் அண்ணன். பிஎஃப் 14, கிராஜுவிட்டி 4 என 18 லட்சம் வரும், அதை எஸ்டபிள்யூபியில் (மியூச்சுவல் ஃபண்டில் போட்டு மாதாமாதம் ஒரு தொகையை எடுக்கும் முறை) போட்டு மாதம் 18,000 எடுக்கலாமா? வேலையை விடலாமா?

பதில்: விடலாம், இப்போது வேண்டாம். உங்கள் தொழில் யோசனையில் பெரிய கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. கோளாறு உங்கள் சம்பளச் சீட்டைக் குடும்பச் சொத்து மாதிரி நடத்துவதில் இருக்கிறது. அண்ணன் கேட்பார், நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள், வங்கி உங்களைப் பிடிக்கும்.

கணக்கைப் பார்ப்போம். தவணைகள் மொத்தம் 65,600, வீட்டுச் செலவு 45,000, ஆக 1,10,600. சம்பளம் 1,05,000. அண்ணன் கொடுக்காத மாதம் இப்போதே துண்டு விழுகிறது. புதிதாக 8 லட்சம் 14 சதவீத வட்டிக்கு ஐந்து வருடத் தவணையில் எடுத்தால் மாதம் இன்னொரு 18,600 ஏறும்.

இப்போது அந்த 2 லட்சத்துக்கு வருவோம். பில் போடுவது வேறு, பணம் வருவது வேறு என்று கட்டுமானத் துறையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருடம் பில்லில் அறுபது சதவீதம் கைக்கு வந்தாலே நல்லது, அதாவது 1.2 லட்சம். டிராஃப்ட்ஸ்மேன் சம்பளம் 25,000, சாஃப்ட்வேர், பெட்ரோல், ஆபீஸ் எல்லாம் சேர்த்து 20,000 போனால் மிச்சம் 75,000. பில்டர் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி முன்பிடித்தம், பிடித்துக்கொண்டுதான் தருவார், அது ரிட்டர்ன் போட்ட பிறகுதான் திரும்பும், ஆகவே கையில் 63,000. தவணைக்கே போதாது. ஜிஎஸ்டியை வேறு மறந்துவிட்டீர்கள். மாதம் 2 லட்சம் பில் என்றால் வருடம் 24 லட்சம், சேவைத் தொழிலுக்கான 20 லட்ச வரம்பைத் தாண்டிவிடும். அப்புறம் ஒவ்வொரு 2 லட்சத்துக்கும் 36,000 வரி, பில்டர் பணம் கொடுத்தாரா என்று யாரும் கேட்க மாட்டார்கள், பில் போட்டால் அடுத்த மாதம் கட்டியாக வேண்டும்.

அண்ணன் கடன்கள் இல்லாவிட்டால் இதே குடும்பத்துக்கு மாதம் 76,000 போதும். முதல் வருடத்தை இழுத்துப் பிடித்து ஓட்டிவிடலாம்.

ஆகவே 8 லட்சத்துக்கு இல்லை என்று சொல்லுங்கள். அண்ணன் தன் யூனிட் பெயரிலேயே வங்கிக்குப் போகட்டும். சிறுதொழில்களுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தில் 10 லட்சம் வரை பிணையில்லாமல் தருகிறார்கள். கணக்கைப் பார்த்துவிட்டு வங்கி மறுத்தால், கடன் கொடுப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் தயங்கும் இடத்தில் நீங்கள் எந்த தைரியத்தில் கொடுக்கிறீர்கள்? லோன் வேண்டாம், ஜாமீன் கையெழுத்து மட்டும் போடு என்றும் கேட்பார். அதுவும் வேண்டாம். 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம்.

பழைய இரண்டு லோனுக்கு, மாதம் 34,600 அவருடைய கரண்ட் அக்கவுன்ட்டிலிருந்து தானாக உங்கள் கணக்குக்கு வரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அது ஒழுங்காக வந்தால் உங்களுக்கு மாதம் 29,000 மிஞ்சும், ஒரு வருடத்தில் சுமார் மூன்றரை லட்சம். கிராஜுவிட்டி 4 லட்சத்தையும் சேர்த்து, சின்ன லோனில் அப்போது மிச்சமிருக்கும் ஒரு லட்சத்தை அடைத்துவிட்டால், எட்டு மாதச் செலவு கையில் இருக்கும். அன்று ராஜினாமா கடிதம் கொடுங்கள். வரவில்லை என்றால் பெரிய லோன் முடியும் வரை, 42 மாதம், சம்பள வேலைதான். கசப்பாக இருக்கும், தெரியும்.

எஸ்டபிள்யூபி பற்றி: யூடியூபில் எல்லோரும் இதைத்தான் பேசுகிறார்கள், கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மாதம் 18,000 என்றால் வருடம் 12 சதவீதம். சந்தை முதல் வருடமே 20 சதவீதம் இறங்கினால் 18 லட்சம் 14.4 லட்சமாகிவிடும், நீங்கள் எடுக்கும் அதே 18,000 அப்போது 15 சதவீதம். தொழிலும் தடுமாறும் வருடத்தில் முதலும் கரையும். பிஎஃப்பைத் தொடாதீர்கள். 2024-25க்கு 8.25 சதவீதம் கொடுத்திருக்கிறார்கள், வேலையை விட்ட பிறகு வரும் வட்டிக்கு வரி உண்டு என்றாலும் பரவாயில்லை.

இந்த ஒரு வருடத்தில் செய்ய வேண்டியது சில உண்டு. கம்பெனி மெடிக்ளெய்ம் வேலையோடு போய்விடும், குடும்பத்துக்குத் தனி பாலிசி இப்போதே எடுங்கள், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கான காத்திருப்புக் காலமாவது ஓட ஆரம்பிக்கும். தொழில் தொடங்கியதும் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு எடுத்து அந்த எண்ணை பில்லில் போடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் இழுக்க சட்டம் விடாது, கெடு தாண்டியும் வருட முடிவில் பாக்கி வைத்தால் அந்தச் செலவை பில்டர் அந்த வருட வருமானத்தில் கழிக்கவும் முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். (அடுத்த வேலையும் அவரிடமிருந்துதான் வர வேண்டும் என்பதால் நீங்கள் சண்டைக்குப் போக மாட்டீர்கள், இருந்தாலும் எண் பில்லில் இருக்கட்டும்.) கட்டிடம் உறுதியானது என்று கொடுக்கும் ஸ்டெபிலிட்டி சர்டிஃபிகேட்டில் இனி உங்கள் சொந்தக் கையெழுத்து என்பதால் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் வேண்டும்.

அண்ணனிடம் தனியாகப் பேசாதீர்கள், அண்ணியும் உங்கள் மனைவியும் கூட இருக்கும்போது கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு பேசுங்கள். இந்த வாரமே பேசுங்கள், 8 லட்சம் வந்துவிடும் என்று நம்பி அவர் மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் அப்புறம் மறுப்பது உங்களால் ஆகாது.