அப்பாவின் பயாப்சியில் இரண்டு புரதங்களைக் காணோம்: எனக்கும் ஆபத்தா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, இரைப்பைப் புற்றுநோய். ரிப்போர்ட்டில் ‘எம்.எல்.ஹெச்.1, பி.எம்.எஸ்.2 இழப்பு, மற்ற இரண்டும் உள்ளன’ என்று இருக்கிறது. இது பரம்பரையா? நானும் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு உங்கள் ரத்தம் வேண்டாம். அப்பாவின் கட்டியிலேயே இன்னொரு சோதனை பாக்கி இருக்கிறது.

செல் பிரியும்போது டி.என்.ஏ. நகலில் விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் முக்கியப் புரதங்கள் நான்கு. அவை ஜோடியாகத்தான் வேலை பார்க்கும்: எம்.எல்.ஹெச்.1-உடன் பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.ஹெச்.2-உடன் எம்.எஸ்.ஹெச்.6. எம்.எல்.ஹெச்.1 இல்லாவிட்டால் பி.எம்.எஸ்.2 தனியே நிலைக்காமல் சிதைந்துவிடும். ஆகவே காணாமல் போனது இரண்டு என்றாலும் கோளாறு பெரும்பாலும் ஒன்றில்தான். மைக்ராஸ்கோப்பில் இது நன்றாகத் தெரியும்: புரதம் இருக்கும் செல்லின் கரு பழுப்பாகும், இல்லாதது நீலமாகவே நிற்கும். பக்கத்திலுள்ள வெள்ளையணுக்கள் பழுப்பாக இருக்க வேண்டும். அவையும் நீலமென்றால் அந்தச் சோதனையை நம்ப முடியாது.

இரைப்பையில் எம்.எல்.ஹெச்.1 மறைய வழக்கமான காரணம் பரம்பரை அல்ல. வயதானவர்களின் கட்டியில் அந்தப் புரதத்துக்கான மரபணுவின் தொடக்கப் பகுதியில் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடுகிறது. ‘எம்.எல்.ஹெச்.1 மெத்திலேஷன்’ சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். (பெருங்குடல் புற்றுநோயில் பி.ராஃப் என்ற இன்னொரு மரபணுவின் சோதனை குறுக்குவழியாக உதவும், இரைப்பையில் உதவாது.) மெத்திலேஷன் இருந்தால் பரம்பரைக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. இல்லையென்றால் அப்பாவின் ரத்தத்தில் மரபணுச் சோதனை. அதில் லிஞ்ச் நோய்க்குறி, அதாவது இந்தத் திருத்தும் மரபணுக்களில் ஒன்றில் பரம்பரையாக வரும் கோளாறு, உறுதியானால்தான் உங்கள் முறை. அப்போது உங்களுக்கு அது வந்திருக்க வாய்ப்பு 50 சதவீதம். எம்.எஸ்.ஹெச்.2 காணாமல் போயிருந்தால் அப்பாவை நேரே ரத்தச் சோதனைக்கே போகச் சொல்லியிருப்பேன்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு இதைவிட அவசரமாகப் படுகிறது. கீமோ தொடங்கிவிட்டார்களா? திருத்தாமல் விட்ட பிழைகள் குவிந்த கட்டியை நோய் எதிர்ப்புச் செல்கள் எளிதில் அடையாளம் காணும். அதனால்தான் இத்தகைய முற்றிய கட்டிகளுக்கு, எந்த உறுப்பில் இருந்தாலும், பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-இல் அனுமதித்தது. அறுவை செய்யக்கூடிய நிலையிலும், வழக்கமான கீமோவால் இந்த வகைக்குப் பலன் குறைவாக இருக்கலாம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ‘இந்த ரிசல்ட்டைப் பார்த்துத்தான் சிகிச்சையை முடிவு செய்தீர்களா?’ என்று புற்றுநோய் மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள்.

அப்புறம், பயாப்சியைப் பரிசோதித்த லேபில் பாராஃபின் பிளாக், அதாவது அப்பாவின் திசுவை மெழுகில் பதித்து வைத்த துண்டு, பத்திரமாக இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். மெத்திலேஷன் சோதனைக்கு அதுதான் வேண்டும்.