ஜெபித்தும் கஷ்டம் தீராதபோது, எல்லாம் தேவன் கையில் இருக்கிறது என்று எப்படி நம்புவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: வேலை போய்விட்டது, வீட்டில் நோய், விடாமல் ஜெபிக்கிறேன், எதுவும் மாறவில்லை. எல்லாம் தேவனுடைய ஆளுகையில் இருக்கிறது என்றால் இதுவும் அவர் ஆளுகையில்தானே நடந்தது? பிறகு அவரை உண்மையுள்ளவர் என்று எப்படிச் சொல்வது?

முதலில் ஒன்று. இப்படிக் கேட்பதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆபகூக் தீர்க்கதரிசியின் புத்தகம் தொடங்குவதே இந்தக் கேள்வியோடுதான்: நான் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், நீர் ஏன் கேட்கவில்லை? தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புலம்பல்தான். 88ஆம் சங்கீதம் கூக்குரலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கேள்வியைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரம். ஏரோது ராஜா, யோவானின் சகோதரனாகிய யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். இரண்டே வசனத்தில் யாக்கோபின் கதை முடிந்துவிடுகிறது. அடுத்து பேதுருவைப் பிடிக்கிறான். இரண்டு சங்கிலி, இரண்டு பக்கமும் சேவகர்கள், மறுநாள் விசாரணை. அந்த இரவில் தூதன் வந்து விலாவில் தட்டி எழுப்பி வெளியே கூட்டிப் போகிறான். அதே ராஜா, அதே சபை, அதே தேவன். யாக்கோபுக்காக யாரும் ஜெபித்திருக்க மாட்டார்களா? யாக்கோபை விட பேதுருமேல் தேவனுக்குப் பாசம் அதிகமா? வேதம் இதற்கு விளக்கம் கொடுக்கவில்லை. தப்பித்தவனின் சாட்சியை மட்டும் சொல்லி, வெட்டுப்பட்டவனை விட்டுவிடும் பிரசங்கம் பாதி உண்மைதான் பேசுகிறது. உண்மையுள்ளவர் என்பதற்கு, நாம் கேட்ட விடுதலையைக் கட்டாயம் தருபவர் என்று அர்த்தம் வைத்துக்கொண்டால், இந்த அதிகாரத்தின் இரண்டாவது வசனத்தைத் தாண்ட முடியாது.

இது எனக்குப் படித்துத் தெரிந்த விஷயம் மட்டுமல்ல. என் அண்ணன் நோயில் படுத்தபோது வீட்டில் உபவாச ஜெபம் நடந்தது, சபையே ஜெபித்தது. அண்ணன் பிழைக்கவில்லை. அம்மாவுக்கு வேதாகமத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதும் பழக்கம் உண்டு. சுகம் தருவேன் என்று வருகிற வசனங்களுக்குப் பக்கத்தில் அண்ணன் பெயரைச் சின்னதாக எழுதி வைத்திருந்தார். அடக்கம் முடிந்த சில நாள் கழித்து அந்தப் பக்கங்களைப் பார்த்தேன். பெயர்களை அழிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அப்புறம் வழக்கம்போல விடியற்காலையில் எழுந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தார். விசுவாசம் என்றால் எனக்கு இன்றைக்கும் அந்தக் கேள்விக்குறிதான். கோபம் இருந்தது, ஆனால் அந்தக் கோபத்தை தேவனிடமே கொண்டுபோனார்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் யோசேப்பின் கதையைச் சொன்னார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள்: குழி, சிறை, கடைசியில் அரண்மனை. அந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 17 வயதில் அண்ணன்மாரால் 20 வெள்ளிக்காசுக்கு விற்கப்பட்டவன், பார்வோன் முன்னால் நிற்கும்போது 30 வயது. குழியில் கிடந்தபோது அவன் அழுதானா என்று ஆதியாகமம் 37ஆம் அதிகாரத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஐந்து அதிகாரம் தாண்டி, 42ஆம் அதிகாரத்தில், அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதுதான் வெளியே வருகிறது: அவன் நம்மைக் கெஞ்சினானே, அவன் வேதனையைப் பார்த்தும் கேட்காமல் போனோமே. அந்தக் கெஞ்சல் இருபது வருஷத்துக்கு மேல் எங்கேயோ பத்திரமாக இருந்திருக்கிறது. நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக்கினார் என்று யோசேப்பு சொல்வது 50ஆம் அதிகாரத்தில்தான். சிறைக்குள் இருந்தபோது அவனுக்கு அந்த வாக்கியம் கிடையாது. அங்கே சொல்லப்படுவது, கர்த்தர் அவனோடு இருந்தார் என்பது மட்டும்தான். அதனால் துக்கத்தின் நடுவில் இருக்கிற ஒருவரிடம் 50ஆம் அதிகாரத்தைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அது அவரே, தன் நேரத்தில், தன் வாயால் சொல்ல வேண்டியது.

இன்னொன்று. தேவன் ஆளுகை செய்கிறார் என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. அதே யோசேப்பு சிறையில் பானபாத்திரக்காரனிடம், வெளியே போனதும் என்னைப்பற்றிப் பார்வோனிடம் சொல்லு என்று சிபாரிசு கேட்டான். எரேமியா 29:11, சமாதானத்துக்கேற்ற நினைவுகள் என்ற வசனம், பல வீட்டுச் சுவரில் இருக்கும். அதற்கு முந்தின வசனம், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வர 70 வருஷம் ஆகும் என்கிறது. அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள் என்று இருக்கிறது. ஆகவே மருந்தை நிறுத்தாதீர்கள். வேலைக்கு விண்ணப்பியுங்கள், நாலு பேரிடம் சொல்லி வையுங்கள். அதெல்லாம் விசுவாசக் குறைவு அல்ல.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் நான் ஏன் நம்புகிறேன்? நடந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டதால் அல்ல. யோபுவுக்கும் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. முதல் இரண்டு அதிகாரத்தில் பரலோகத்தில் நடந்த பேச்சு நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. நான் நம்புவது சிலுவையினால். கெத்செமனேயில் இயேசுவே, இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று மூன்று முறை ஜெபித்தார். நீங்கவில்லை. உலகத்திலேயே மிக அநியாயமான அந்தத் தீர்ப்பும் தேவனுடைய கையை மீறி நடக்கவில்லை என்று ஆதிச்சபை ஜெபத்தில் அறிக்கையிட்டது (அப்போஸ்தலர் 4:27-28). ஏரோதுவும் (யாக்கோபைக் கொன்றவன் அல்ல, வேறொரு ஏரோது) பிலாத்துவும் குற்றவாளிகள்தான், அது மாறவில்லை. ஆனால் அவர்கள் செய்ததே கடைசி வார்த்தையாக இருக்கவில்லை, மூன்றாம் நாள் கல்லறை காலியாக இருந்தது. தன் குமாரனின் ஜெபத்துக்கே அன்று மௌனமாக இருந்த தேவன், என் ஜெபத்துக்கு மௌனமாக இருக்கும்போது என்னை வெறுக்கிறார் என்று நான் முடிவு கட்ட மாட்டேன். அண்ணனையும் நான் திரும்பப் பார்ப்பேன்.

உங்களுக்கு இப்போது ஜெபிக்க வார்த்தை வரவில்லை என்றால் 13ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் மட்டும் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று வரும். நம்பிக்கையோடு பாடுகிற கடைசி இரண்டு வசனத்தை மனதார இப்போது சொல்ல முடியாவிட்டால், சபையில் உங்களுக்கு நெருக்கமான ஒருவரை வரச்சொல்லி, அந்த இரண்டை மட்டும் உங்களுக்காக அவரை வாசிக்கச் சொல்லுங்கள்.